ஒரே சனிக்கிழமையில் ஐந்து வீடு

பிரிட்டா ஹல்வர்சன் அந்தச் சனிக்கிழமைக்காக ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். பத்து மணிக்கு எலியசர் வீடு, பதினொன்றுக்கு மூ வா வீடு, பன்னிரண்டுக்குத் தூவா வீடு, ஒரு மணிக்கு டெய்ன் வீடு, இரண்டு மணிக்கு இஃப்ரா வீடு. வீட்டுக்கு அரை மணி நேரம் பேச்சு, அரை மணி நேரம் கார். நான்காம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருமுறையாவது போய் வர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். மற்ற டீச்சர்கள் அதைக் கிறிஸ்துமஸ் வரை இழுப்பார்கள். பிரிட்டா பீட்ரூட் விவசாயம் பண்ணுகிற வீட்டில் பிறந்தவள். ஒரே நாளில் ஐந்தை அறுவடை பண்ணிவிடலாம் என்று நினைத்தாள்.

மாய் சூ அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களோடு பேசுவதுதான் மாய் சூவின் வேலை. லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மொங் ஜனங்களிடம் தன் பாஷையிலேயே பேசுவாள், மற்ற பாஷைக்காரர்களிடம் கையாலும் கண்ணாலும் பேசிச் சமாளித்துவிடுவாள்.

"அஞ்சு வீடா? ஒரே நாள்லயா?"

"ஒவ்வொண்ணும் அரை மணி நேரம்தானே."

"காலைல என்ன சாப்பிடுவ?"

"ரெண்டு முட்டை, ரொட்டி."

"சாப்பிடாத. வெள்ளிக்கிழமை ராத்திரியும் சாப்பிடாத. இன்னும் நல்லாச் சொல்லட்டுமா? ஒரு நாளைக்கு ஒரு வீடு மட்டும் போ."

"சரி, யோசிச்சுப் பாக்கறேன்" என்றாள் பிரிட்டா. அமெரிக்காவின் வடகோடி மாநிலமான மினசோட்டாவின் ஆட்கள் யோசித்துப் பார்க்கிறேன் என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. முப்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கும் மாய் சூ தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

உண்மையில் பிரிட்டாவுக்கு மனசில் இருந்தது ஐந்தாவது வீடு மட்டும்தான். மற்ற நான்கும் பள்ளிக்காக. ஐந்தாவது அவளுக்காக.

அவள் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள், வீட்டில் பேசுவது பதினோரு பாஷை. முதல் வாரம் பாதிப் பிள்ளைகளுக்கு அவள் சொன்னது புரியவில்லை, மீதிப் பாதி புரிந்தும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே அழுதாள். மறந்துபோன மதிய உணவு டப்பாவை எடுக்க வந்த ஒன்பது வயது இஃப்ரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "டீச்சர், தூவாவையும் எலியசரையும் பிரிச்சு உக்கார வைங்க. ஜன்னலுக்குத் திரை போடுங்க. டர்க்கிக் கோழி ஏத்தின லாரி போச்சுன்னா எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க" என்றாள். மறுநாள் பிரிட்டா அப்படியே செய்தாள். வகுப்பு அடங்கியது.

அதற்குப் பிறகு அந்தச் சோமாலிப் பெண் இல்லாமல் பிரிட்டாவுக்குக் கை ஒடிந்த மாதிரிதான். மூ வாவுக்குப் பின்னக் கணக்கு புரியவில்லை என்றால் இஃப்ரா ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக வைத்துப் புரிய வைப்பாள். டீச்சர் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய்ப் பிரிட்டாவே பல விஷயங்களை முதல்முறையாகப் புரிந்துகொண்டாள். அப்படிப்பட்டவளை அவள் அம்மா வேறு பள்ளிக்கு மாற்றப் போவதாகச் செய்தி வந்தது. திங்கட்கிழமைதான் மாற்றலுக்குக் கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் இஃப்ரா மேசை அருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு நல்ல பசியோட வாங்க. அம்மா என்ன போட்டாலும் சாப்பிடுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வரலைல்ல? ஸ்கூல்லேர்ந்து ஒரு மிஸ் வந்தாங்க. ஷூவக் கழட்டல. உக்காரல. அம்மா டீ கொண்டு வந்தாங்க, எதுவும் வாங்கக் கூடாதுன்னு ரூல்னு சொன்னாங்க. அப்படியே நின்னுக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்து எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம், வீட்டுல பிள்ளைய ஒழுங்காப் பாத்துக்கலன்னு ஒரு லெட்டர் வந்துச்சு. அம்மா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அதுலேர்ந்துதான் வேற ஸ்கூல் தேடறாங்க."

பிரிட்டா திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள்.

"நீங்க சாப்பிட்டா போதும்" என்றாள் இஃப்ரா. "அம்மா அதைத்தான் பாப்பாங்க. எனக்குத் தெரியும். நான் போக மாட்டேன்னு சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

ஆக, பிரிட்டா செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மணிக்கு ஒரு தட்டுச் சோற்றைச் சந்தோஷமாகச் சாப்பிட வேண்டும். இதைவிடச் சுலபமான வேலை ஒரு டீச்சருக்குக் கிடைக்குமா? வேண்டுமானால் மற்ற வீடுகளில் வாயைக் கட்டிக்கொண்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வாயைக் கட்டுவது அவள் கையில் இல்லை என்பது எலியசர் வீட்டிலேயே தெரிந்துபோனது. சோளமும் பன்றிக்கறியும் போட்டுக் கொதித்த மெக்சிகோச் சிவப்பு சூப், ஒரு சட்டி அளவு கிண்ணத்தில் வந்தது. எலியசரின் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினாளாம். பிரிட்டா ருசித்துச் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் காலி செய்தாள். வைத்ததை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிடுவதுதான் மரியாதை என்று லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் அடித்துச் சொல்லி வளர்த்திருந்தார்கள். எலியசரின் அம்மாவுக்கோ, காலிக் கிண்ணத்தோடு ஒரு விருந்தாளி தன் வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய அவமானம். உடனே நிரப்பினாள். பிரிட்டா அதையும் காலி செய்தாள். அவள் மறுபடி நிரப்பினாள். இரண்டு பேருமே மரியாதை தெரிந்தவர்கள். இப்படியே போனால் சாயங்காலம் வரை நடந்திருக்கும், நல்லவேளை பானையில் தீர்ந்துபோனது.

மூ வா வீட்டில் ஆறு பேர் தரையில் பாய் விரித்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். மலை மாதிரி சோறு, புளிச்சகீரைக் குழம்பு, மூக்கைத் துளைக்கும் மீன் சட்னி. அவர்கள் பர்மா எல்லையிலிருந்து வந்த கரென் ஜனங்கள், சத்தமே போட மாட்டார்கள். பேசாமல் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், ஆனால் பிரிட்டா தண்ணீர் குடிக்கக் குனிந்து நிமிர்வதற்குள் தட்டில் சோறு வளர்ந்திருக்கும். யார் போட்டார்கள் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

தூவா வீட்டில் மொங் வழக்கப்படி கோழியை மூலிகை போட்டு வேகவைத்திருந்தார்கள். அந்தக் கோழியை அவளுக்காகவே காலையில் அறுத்ததாகத் தூவா பெருமையாகச் சொன்னான். அப்புறம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? ஒட்டிக்கொள்ளும் சோற்றை உருண்டை பிடித்து, மிளகாய்ச் சட்னியில் தொட்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டாள். தூவாவின் அப்பா பார்த்துவிட்டு, "பாவம், டீச்சர் அழறாங்க, வீட்டு ஞாபகம் வந்திருக்கும், இன்னொரு கால் போடு" என்றார்.

காரில் ஏறியதும் இடுப்புப் பட்டனைக் கழற்றிவிட்டு மணியைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். நாலாவது வீட்டுக்கே முக்கால் மணி நேரத் தாமதம். போகட்டும், அது டெய்ன் வீடு, நம் ஆட்கள், நம் சர்ச்சுக்காரர்கள், அங்கே தப்பித்துவிடலாம் என்று மூச்சுவிட்டாள்.

சொந்த ஜனங்கள்தான் காலை வாரினார்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைப்பது போல ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஹாட்டிஷ் இருந்தது. கொத்துக்கறி, டின் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், எல்லாம் சேர்த்து அடுப்பில் வெந்தது.

"கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள் டெய்னின் அம்மா.

"ஐயோ, வேண்டாங்க, நிஜமாவே."

"கொஞ்சூண்டு?"

"இல்லைங்க, வயிறு நிறைஞ்சிருக்கு."

டெய்னின் அம்மா புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே தட்டை எடுத்தாள். அந்த ஊரில் நாகரிகம் தெரிந்தவர்கள் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை சாப்பிடுவார்கள். பிரிட்டாவும் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவள் எவ்வளவு அழுத்தி மறுத்தாளோ அவ்வளவு நல்ல வளர்ப்பு என்று டெய்னின் அம்மாவுக்குப் பட்டது. ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தாள். மூன்றாம் தடவையும் மறுப்பதற்கு மினசோட்டாவில் வார்த்தை கிடையாது. பிரிட்டா சாப்பிட்டாள். பழக்க தோஷத்தில் வழித்தும் சாப்பிட்டாள். பிறகு காப்பியும் மூன்று தினுசு இனிப்புத் துண்டுகளும் வந்தன.

இஃப்ரா வீட்டுக் கதவைத் தட்டும்போது மூன்றரை மணி. வயிறு கல்லாகக் கனத்தது. மூச்சு தொண்டைக்குழி வரைதான் போய்வந்தது. கதவைத் திறந்தவள் இஃப்ராவின் அம்மா ஹிபாக். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், பழுப்பு நிற முக்காடு. டர்க்கிக் கறி வெட்டும் ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். பகல் தூக்கத்தை விட்டுச் சமைத்திருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு மணின்னு சொன்னாங்க" என்றாள் ஹிபாக்.

"மன்னிச்சுக்கங்க, ரொம்ப லேட் ஆயிடுச்சு."

"வாங்க. உக்காருங்க டீச்சர்."

வார்த்தையில் குறையில்லை, குரல்தான் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தது. பிரிட்டா ஷூவைக் கழற்றிவிட்டுப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். ஆழமான, மெத்துமெத்தென்ற சிவப்பு சோபா. அறையில் சாம்பிராணி வாசனை, ஹீட்டரின் வெதுவெதுப்பு. இஃப்ராவின் மூன்று வயதுத் தம்பி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தான். ஹிபாக் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மசாலா சாதம், அதன்மேல் ஆட்டுத் தொடை, பக்கத்தில் உரிக்காத வாழைப்பழம். நாலு பேர் சாப்பிடலாம்.

இஃப்ரா சமையலறை வாசலில் நின்று, 'சாப்பிடுங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

பிரிட்டா ஒரு வாய் சாப்பிட்டாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. இரண்டாவது வாய் உள்ளே போவதற்கு இடம் தேடியது. மூன்றாவது வாயை மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். இன்னொரு வாய் எடுத்தால் இந்தச் சிவப்பு சோபா பாழ். எடுக்காவிட்டால் இஃப்ரா போய்விடுவாள். ஹிபாக்கின் பார்வை அவள் முகத்திலிருந்து தட்டுக்குப் போனது, தட்டிலிருந்து முகத்துக்கு வந்தது.

"பிடிக்கலையா?"

"ஐயோ, ரொம்ப நல்லா இருக்கு."

"ம்" என்றாள் ஹிபாக். எழுந்தாள். "டீ கொண்டு வரேன். டீயாவது குடிப்பீங்கள்ல?"

அவள் உள்ளே போனதும் பிரிட்டாவுக்கு அழுகையே வந்தது. நாலு வீட்டில் சாப்பிட்டுவிட்டேன், இனி முடியாது என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. அது வாயில் வரவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் அப்படி நேராகப் பேசுகிற வழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது. டீ வருவதற்குள் எப்படியாவது தைரியத்தை வரவழைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள். அதற்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் இல்லை.

மேலே ஒரு பூப்போட்ட கம்பளி. தலைக்குக் கீழே தலையணை. காலைத் தூக்கி யாரோ சோபாவில் நீட்டி வைத்திருந்தார்கள். தம்பிப் பையன் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தாம்பாளத்தைக் காணோம். கீழே கம்பளத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இஃப்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம் டீச்சர்" என்றாள் கிசுகிசுப்பாக. "குறட்டை வேற."

பிரிட்டாவுக்கு அந்தக் கம்பளிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. போன வருஷம் வந்தவள் உட்காரத்தான் மாட்டேன் என்றாள். நாமோ வந்த வேலையைக் கெடுத்து, சோற்றை மூன்று வாயோடு தள்ளிவிட்டு, அவர்கள் சோபாவில் காலை நீட்டித் தூங்கியிருக்கிறோம்! ஹிபாக் ஆலைச் சீருடையோடு உள்ளிருந்து வந்தாள். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

பிரிட்டா எழுந்து உட்கார்ந்தாள். இனி இழக்க என்ன இருக்கிறது?

"நாலு வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தேன்" என்றாள். "முதல் வீட்டுலயே மூணு கிண்ணம். எங்கயும் வேண்டாம்னு சொல்லத் தெரியல. உங்க வீட்டுக்குத்தான் பசியோட வரணும்னு நெனச்சேன், முடியல. உங்க சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லை. என் வயித்துல இடம் இல்லை. மன்னிச்சுக்கங்க."

ஹிபாக் சீருடைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நாலு வீடா?"

"நாலு வீடு."

"மெக்சிகோக்காரங்க வீட்டுல?"

"சூப்."

"கரென் வீட்டுல?"

"சோறு. போட்டுக்கிட்டே இருந்தாங்க. யாரு போட்டாங்கன்னே தெரியல."

"அப்புறம் மொங் வீட்டுல?"

"முழுக் கோழி. அதுக்கப்புறம் டெய்ன் வீட்டுல..." என்று சொல்ல வந்த பிரிட்டா, அந்த உருளைக்கிழங்கு உருண்டைகளை நினைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹிபாக் சிரிக்க ஆரம்பித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இஃப்ராவும் சேர்ந்துகொண்டாள். தம்பி விழித்து, எதற்கென்று தெரியாமலே கைதட்டினான்.

"பைத்தியக்காரப் பொண்ணு" என்றாள் ஹிபாக், பக்கத்தில் வந்து உட்கார்ந்து. "இதை வாசல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு, இவளும் நம்ம சோத்தப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறாளேன்னு உள்ள போய் அழுதுட்டு டீயோட வரேன், நீ வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கற. அப்புறம் என்னத்த கோபப்படறது? ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து நானும் இதே சோபாவுலதான் விழுவேன். எழுப்ப மனசு வரல."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"எதுக்கு வெக்கம்? போன வருஷம் ஒருத்தி வந்தா, எங்களப் பாத்துப் பயந்து கதவுகிட்டயே நின்னா. பயந்தவ இப்படிக் குறட்டை விடுவாளா?" ஹிபாக் அவள் கன்னத்தில் பதிந்திருந்த தலையணைக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள். "ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்மா. இந்த ஊர்க்காரங்கள்ல இந்த சோபாவுல உக்காந்த மொத ஆளு நீதான்."

பிரிட்டா இஃப்ராவை மாற்றாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தாள். அதைச் சொல்வதற்குள் வாசலில் ஹார்ன் அடித்தது. ஆலைக்குப் போகும் வேன். பிள்ளைகளுக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டுப் பாட்டியை உள்ளே விட்டு, ஹிபாக் பையை மாட்டிக்கொண்டு, தம்பியின் தலையில் முத்தம் வைத்துவிட்டு, "பாத்து வண்டி ஓட்டு" என்று பிரிட்டாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள். பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரிட்டா எதுவும் சாப்பிடவில்லை. பாதி வயிற்றால், பாதி கவலையால்.

திங்கட்கிழமை மணி அடித்தது. இருபத்தைந்து பேர் உட்கார்ந்தார்கள். இஃப்ராவின் நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தாள், பத்து நிமிஷம் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வருகைப் பதிவில் 'இல்லை' என்று குறித்தாள். குறித்துவிட்டு முகத்தைக் காட்டாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி, பின்னக் கணக்கை எழுத ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது.

"லேட்டுக்கு மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்றாள் இஃப்ரா, மூச்சு வாங்க. "அம்மா ஷிப்ட் முடிச்சு நேரா ஆபீசுக்கு வந்துட்டாங்க. பேரை எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தாங்க. அங்க இருக்கிற மிஸ்ஸுக்கு ஃபார்ம் எதுன்னே தெரியல, தேடித் தேடி இவ்வளவு நேரம்."

பிரிட்டா சாக்பீசைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றாள் இஃப்ரா. வகுப்பே காதைத் தீட்டியது. "ராத்திரி ஒழுங்காத் தூங்கணுமாம். எங்க வீட்டுக்கு வந்து நீங்க குறட்டை விட்டதுலேர்ந்து தம்பி இப்ப அதே மாதிரி விட்டுக் காட்டறான்."

வகுப்பு சிரிப்பில் இரண்டாகப் பிளந்தது. எலியசர் மேசையில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டான், டெய்ன் விட்டான், மூ வா கூடக் கையால் வாயை மூடிக்கொண்டு மெல்ல விட்டாள். பதினோரு பாஷை வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள், குறட்டை மட்டும் ஒரே மாதிரி வந்தது. பிரிட்டா கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தூவா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

"டீச்சர், இஃப்ரா வீட்டுல தூங்கினீங்களா?"

"ஆமாடா. தெரியாமத் தூங்கிட்டேன்."

"எங்க வீட்டுலயும் சோபா இருக்கு" என்றான் தூவா. "கோழியெல்லாம் அறுத்தோம். எங்க வீட்டுல ஏன் தூங்கல?"